ஏழாம் லயம், நாலாம் காம்பரா

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நான். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, குடும்ப ஆற்றுப்படுத்தலும் நிறுவன ஆலோசனை உளவியலும் சேர்ந்த முதுகலை வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருடங்களுக்கு முன்னர் நானே மாணவியாக இருந்த வகுப்பு அது. பயிற்சிக் காலத்தில் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சந்தித்த குடும்பத்தை உதாரணமாகச் சொல்லி முடித்தேன். வருடா வருடம் சொல்வதுதான். பின்வரிசையிலிருந்து நிரோஜன் என்றொரு மாணவன் கேட்டான்.

"மிஸ், அந்தப் பிள்ளை பிறகு சோதினை எழுதினதோ?"

"எழுதினது" என்றேன்.

எழுதவில்லை.

2

தொடக்கங்கள்:

'அப்புத்தளையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்...' வேண்டாம். வெளியிலிருந்து மலைக்கு வந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். பனிக்குள் ஆட்களின் முகம் சரியாகத் தெரியாது. எழுதுகிறவருக்கு அது வசதி.

'செவ்வாய்க்கிழமைகளில் வேலாயி...' இதுவும் வேண்டாம். அதை எழுதித்தான் எல்லாம் நாசமானது.

சரி, என்னிலிருந்தே தொடங்குகிறேன். என் பெயர் சிவரூபி. அப்பா யாழ்ப்பாணத்தார், பதுளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். நான் பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவள். இருபத்தெட்டு வயதுவரை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயத்துக்குள் கால் வைத்ததில்லை. (இந்த வரியை இரண்டு தடவை வெட்டி மூன்றாம் தடவை விட்டுவைத்திருக்கிறேன்.)

படிப்பு முடிய இரண்டு பயிற்சிகள் வேண்டும். ஒரு குடும்பத்தோடு சில மாதம் இருந்து பேச வேண்டும். ஒரு நிறுவனத்தின் சிக்கலை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டும் ஒரே தோட்டத்தில் அமைந்தன. கொழும்பிலிருந்த என் மேற்பார்வையாளர் பேராசிரியர் கனகசுந்தரம் தொலைபேசியில் சிரித்தார்.

"ஒரே கல்லில ரெண்டு மாங்காய். உமக்கு அதிர்ஷ்டம் பிள்ளை."

3

குடும்பத்தை அனுப்பியது பள்ளிக்கூடம். நிரஞ்சலாவுக்குப் பதினாறு வயது, டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை இரண்டு மாதமாக வீட்டில் ஒருவரோடும் பேசுவதில்லை. பதுளையில் ஒரு வைத்தியர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் அறையைத் தந்தார். அப்பா வீரய்யா, அம்மா வேலாயி, மகள். மூன்று பிளாஸ்டிக் கதிரைகள்.

வீரய்யா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், ஏழாம் லயத்துக்காரரின் பிரதிநிதியும்கூட. இந்தக் கதையின் முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக்கியிருந்தேன். புருஷன் குடிகாரன் என்றால் வாசகருக்கும் பாரம் இல்லை, எனக்கும் இல்லை. உண்மையில் அவர் குடிக்கமாட்டார். மகள் உட்காருமுன் தன் துண்டால் அவளுடைய கதிரையைத் துடைத்துவிடுவார்.

ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கேட்க வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். கேட்டேன்.

"வேலாயி, மகள் ஏன் பேசுறதில்லை எண்டு வீரய்யாவைக் கேட்டால் என்ன சொல்லுவார்?"

"அவரு இங்கனதானே ஒக்காந்திருக்காரு. அவரயே கேளுங்க மிஸ்."

நான்காம் ஞாயிறு வேலாயி தனியே வந்தார். செவ்வாய்க்கிழமைகளில் அவர் வேலைக்குப் போவதில்லையாம். அன்று மேல்மலைக் கொழுந்துக்கு ஒரு கணக்கப்பிள்ளைதான் பொறுப்பு. கூடை நிறுக்கிற இடத்தில் அவன் கை சும்மா இருக்காது. வேலாயி கூடையைப் புதருக்குள் ஒளித்துவிட்டு, தெமோதரை ஸ்டேஷன் பெஞ்சில் பின்னேரம்வரை உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மகள் கண்டுவிட்டாள். அப்பாவிடம் சொல்லக்கூடாதென்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி, வாயையே மூடிக்கொள்வது.

"இவருக்குத் தெரிஞ்சா கத்தியத் தூக்கிட்டுப் போயிருவாரு மிஸ். வேல போனா குடியிருக்கிற காம்பராவும் போயிரும். புள்ள பரீச்சைய முடிச்சிறட்டும். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

"சொல்லமாட்டன்" என்றேன்.

4

[இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டினால் எனக்காக நானே வாதாடத் தொடங்கிவிடுவேன்.]

தோட்ட நிர்வாகம் என்னிடம் கேட்டிருந்த கேள்வி: கொழுந்தெடுக்கும் பெண்கள் ஏன் அடிக்கடி வேலைக்கு வருவதில்லை? விடை என் கையில் இருந்தது. வேலாயிக்குச் செல்வராணி என்று பெயர் வைத்து, பக்கத்தில் 'பெயர் மாற்றப்பட்டது' என்று எழுதி, அறிக்கையில் சேர்த்தேன். பேராசிரியர் வாசித்தார்.

"பெயரை மாத்திப்போட்டீர்தானே?"

"ஓம் சேர்."

"அப்ப பிரச்சினை இல்லை. மற்ற விவரம் இருக்கட்டும். அதுதான் உயிர்."

மற்ற விவரம் என்றால்: ஏழாம் லயம், நாலாம் காம்பரா.*

அறிக்கையை எல்லா மட்டத்தினருக்கும் ஒரே மேசையில் வைத்துச் சொல்லவேண்டும் என்பது நிறுவன ஆலோசனையின் பால பாடம். தொழிலாளர் பிரதிநிதிகளும் வேண்டுமென்று அடம்பிடித்தவள் நானேதான். ஒக்டோபர் மாதம், தோட்ட ஆபீஸ். தொரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளைமார், கதவோரம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி வீரய்யா. புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த எழுத்துகளை நான் உரத்து வாசித்தேன். ஏழாம் லயம், நாலாம் காம்பரா, செல்வராணி, மேல்மலையில் ஒரு கணக்கப்பிள்ளையின் தொல்லைக்குப் பயந்து செவ்வாய்க்கிழமைகளில் வேலைக்கு வருவதில்லை.

வீரய்யா எழுந்தார். பிழை திருத்துகிற குரலில்தான் பேசினார்.

"ஏழாம் லயம் நாலாங் காம்பரா எங்க வீடுங்களே மிஸ். அங்க செல்வராணின்னு யாரும் இல்லைங்க."

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கணக்கப்பிள்ளை மட்டும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வீரய்யா அவரைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், பிறகு என்னை. தொரை, தேநீர் குடித்துவிட்டுத் தொடரலாம் என்றார்.

அன்று பின்னேரமே கவ்வாத்துக் கத்தி கணக்கப்பிள்ளையின் வீட்டுக்குப் போனது. அவர் கையில் வெட்டு, பொலிஸ், வீரய்யாவுக்கு வேலை நீக்கம். இரண்டு கிழமைக்குள் காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலாயி சொன்னது சொன்னபடியே, சொன்ன வரிசையிலேயே நடந்தது. நிரஞ்சலா நவம்பரில் கொழும்புக்கு, ஒரு வீட்டில் சமைக்கப் போனாள்.

என் பரிந்துரைப்படி ஆபீஸ் வாசலில் முறைப்பாட்டுப் பெட்டி வைத்தார்கள். பெட்டிப் பூட்டின் திறப்பு ஆபீஸிலேயே இருந்தது. எனக்குப் பரீட்சையில் சிறப்புச் சித்தி. 'கள விவரங்கள் உயிரோட்டமானவை' என்று பரீட்சகர் எழுதியிருந்தார்.

* காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏழு நாலு" என்றுதான் கூப்பிடுவார்கள். லயமும் காம்பராவும்தான் அங்கே ஆளின் அடையாளம். இரண்டு மாதம் இதைக் காதால் கேட்டிருக்கிறேன். சுவாரசியமான வழக்கம் என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். மறைக்கவேண்டியது அதைத்தான் என்று படித்த மண்டைக்கு எட்டவில்லை.

5

முடிவுகள்:

அ) நிரஞ்சலா அடுத்த வருடம் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, இன்று ஆசிரியை. (வகுப்பில் நான் சொன்ன பொய்யை நீட்டினால் வருகிற முடிவு. எல்லாருக்கும் பிடிக்கும்.)

ஆ) கணக்கப்பிள்ளை தண்டிக்கப்படுகிறார். (அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் மேல்மலை இருக்கும்.)

இ) நான் படிப்பை விட்டுவிடுகிறேன். என் மனச்சாட்சி... [இந்த வசனத்தை முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.]

6

உண்மையில் நடந்தது இன்னொன்று. இரண்டாயிரத்து ஏழில் வெலிமடை பஸ் நிலையத்தில் நிரஞ்சலாவைக் கண்டேன். கொழும்பிலிருந்து திரும்பி, அம்மா அப்பாவோடு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அவள்தான் முதலில் பேசினாள்.

"மிஸ், நீங்க இப்ப படிச்சுக் குடுக்குறீங்களாமே. எங்க கதயையும் சொல்றீங்களா?"

"பேரை மாத்தித்தான்..."

"அன்னைக்கும் மாத்துனீங்க."

அவள் என் பேனாவை வாங்கி, பஸ் டிக்கெட்டின் பின்னால் விலாசம் எழுதினாள். நிரஞ்சலா, மேற்பார்வை புவாத் நானாவின் மரக்கறிக் கடை.

"இனிமே எழுதுனா எங்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க. நான் சரின்னும் சொல்லுவேன், வேணாம்னும் சொல்லுவேன்."

அதற்குப் பிறகு இரண்டு வருடம் வகுப்பில் கேட்காமல்தான் சொன்னேன். இந்தக் கதையில் பெயர்களோடு லயம், காம்பரா, கிழமை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஐந்து வருடம் பிந்தியாவது கற்றுக்கொண்டேன். ஆனால் கேட்பதற்கு அது ஈடாகாது என்றும் தெரியும்.

7

மேசையில் இரண்டு கடித உறைகள் இருக்கின்றன. இரண்டிலும் இதே கதைதான். ஒன்றில் புவாத் நானாவின் கடை விலாசம், மற்றதில் ஒரு பத்திரிகை ஆசிரியரின் விலாசம். அவளுடைய பதில் வந்த பிறகுதான் இரண்டாவது போகவேண்டும்.

நீங்கள் இதை அச்சில் வாசிக்கிறீர்கள் என்றால், ஒன்று, அவள் சரி என்று சொல்லியிருக்கவேண்டும், அல்லது நான் கேட்கவில்லை. எது என்று நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள், என்னைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும். முடிவை நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் தபால் முத்திரை ஒன்றுதான் இருந்தது. ஒட்டிவிட்டேன்.