கோடு போட்ட மெயில்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் பேரம் பேசக்கூடாது.

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் கிதர் முகம்மது பாய் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டார். "அப்பு, நீ எழுதுற ஆளுதானே? இந்த மெயில் புரோகிராம் செஞ்ச கம்பெனிக்காரனுக்குச் சூடா ஒரு கடுதாசி எழுதிக் கொடு."

"என்ன தருவீங்க பாய்?"

"பிரியாணி."

"முழு பிளேட்டா, அரையா?"

"கடுதாசி எம்புட்டு நீளமோ அம்புட்டு."

எங்கள் அப்பா வெங்காயக் கமிஷன் கடை நடத்தியவர். எங்கள் வீட்டில் 'அம்மா, பசிக்குது' என்று சொன்னால்கூட, 'எவ்வளவு பசி?' என்று எதிர்க்கேள்வி வரும். ஆகவே கடிதத்தை நீட்டினேன். நீட்ட நீட்ட அது கதையாகிவிட்டது. கதைக்கும் அதே பிரியாணி உண்டா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

2

ஆரம்பத்துக்கு மூன்று முயற்சி.

[அடித்தது: மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மெயில் புரோகிராமின் ஐமேப் வசதியில் உள்ள குறைபாடுகளைத் தங்கள் மேலான கவனத்துக்கு—]

[அடித்தது: ஐமேப் என்பது யாதெனில்—]

[அடித்தது: மழை வரும்போல் இருந்த ஒரு மாலையில்—] திண்டுக்கல்லில் மழை வரும்போல்தான் இருக்கும். அதை நம்பி யாரும் கதை தொடங்கக்கூடாது.

அடித்ததை எதற்குக் காட்டுகிறான் என்று தோன்றலாம். காட்டத்தான் வேண்டும். இந்தக் கதையே அடித்தும் தெரிகிற ஒரு விஷயத்தைப் பற்றியது.

ஐமேப்பை மண்டி பாஷையில் சொன்னால் சுலபம். மெயில் என்ற சரக்கு முழுவதும் எங்கோ ஒரு குடோனில் கிடக்கிறது. அதுதான் சர்வர். மண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு ஜன்னல், வீட்டில் மகள் ரஃபியா வைத்திருக்கும் போன் இன்னொரு ஜன்னல். எதில் எட்டிப் பார்த்தாலும் ஒரே சரக்கு தெரிய வேண்டும். அதுதான் பேச்சு.

பாயின் கம்ப்யூட்டரில் இருப்பது அரதப்பழசான புரோகிராம். ஐமேப் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும். எனக்கு நீச்சல் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்வதைப் போல. அதில் டெலீட் அமுக்கினால் மெயில் போகாது. குறுக்கே ஒரு கோடு விழும், மெயில் அங்கேயே நிற்கும். 'காலி செய்' என்று இன்னொரு பட்டனைத் தட்டினால்தான் குடோனை விட்டே போகும். அதுவரை அந்தக் கோடு மண்டி ஜன்னலில் மட்டும் தெரியும். போன் ஜன்னல் கோட்டைக் கண்டுகொள்ளாது. அங்கே மெயில் புத்தம் புதிதாக நிற்கும்.

இது போதாதென்று, போனிலிருந்து யாராவது பதில் அனுப்பினால் அதை இந்தப் புரோகிராம் எட்டியும் பார்க்காது. தான் அனுப்பியது மட்டும்தான் உலகத்தில் அனுப்பப்பட்டது என்று உட்கார்ந்திருக்கும்.*

* இந்தக் குணமுள்ள மனிதர்கள் சிலரை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் பிரியாணி போய்விடும்.

3

என் கவலை கிதர் முகம்மது பாயைப் பற்றி. இவரை நீங்கள் நம்புவீர்களா? ஒரு மனிதர் டெலீட் அமுக்கிவிட்டு, எதிராளி இன்னும் நல்லதாகச் சொல்வான் என்று காத்திருப்பாரா?

காத்திருந்தார். காரணம் அவர் மண்டி வழக்கம். அங்கே முதல் விலையைச் சீட்டில் எழுதி நீட்டுவார்கள். பிடிக்கவில்லை என்றாலும் பாய் சீட்டைக் கிழிக்கமாட்டார். கிழித்தால் உறவே அறுந்தது. பேசாமல் வைத்துக்கொண்டால் சம்மதம். எழுத்து தெரிகிற மாதிரி குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்து எதிராளி பக்கம் தள்ளினால், 'இது இல்ல, வேற சொல்லு' என்று பொருள். அவரோடு தொழில் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆம்பூர் இஷாக்குக்கும் தெரியும்.

இஷாக், ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷெட்டுக்குச் சரக்கு பார்த்து வாங்குகிறவன். பாயிடம் தோல் எடுக்க வருவான். ஊருக்குப் போனபின் மெயில் எழுதுவான். மண்டி மெயிலுக்குப் பதில் போடுவது ரஃபியா. உப்புத் தோலைப் பற்றி இத்தனை மரியாதையாக எழுதிக்கொள்ள முடியும் என்று அவர்கள் எழுதியதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். [அடித்தது: அந்த வரிகளுக்கிடையே காதல்—] அது அவர்கள் சமாச்சாரம்.

ஒரு நாள் தோலைப் பற்றி இல்லாத மெயில் வந்தது. பாய்க்கு. ரஃபியாவை நிக்காஹ் செய்துகொள்ள விரும்புகிறேன், உங்கள் சம்மதம் வேண்டும், நிக்காஹுக்குப் பிறகு ஆம்பூரில் குடியிருப்போம்.

பாய் படித்தார். பையனைப் பிடித்தது. கடைசி வரி பிடிக்கவில்லை. என்ன செய்வதென்று யோசித்து டெலீட் அமுக்கினார். குறுக்கே கோடு விழுந்தது, எழுத்தும் தெரிந்தது. பாய்க்கு ஒரே சந்தோஷம். "கம்ப்யூட்டருக்குத் தொழில் தெரிஞ்சிருக்குப்பா!" இஷாக்கும் ஆம்பூரில் உட்கார்ந்து இதே கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நம்பினார்.

வீட்டில் ரஃபியா போனைத் திறந்தாள். மெயில் முழுசாக நின்றது. கோடு இல்லை. அத்தா ஒன்றும் பேசவும் இல்லை. அப்படியென்றால் சம்மதம். 'அத்தா கோடு போடவில்லை' என்று இஷாக்குக்கு ஒரு வரி எழுதினாள். அது மண்டிக் கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை.

இஷாக்கிடமிருந்து பதில் வந்தது: 'ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு வருகிறோம்.' பாய் தொடையைத் தட்டினார். பார்த்தியா, கோடு வேலை செய்துவிட்டது, வேறு பேச நேரிலேயே வருகிறான்! ரஃபியா வீட்டில் திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டாள். ஒரே மெயிலைப் படித்து ரெண்டு பேருக்கும் ரெண்டு சந்தோஷம்.

4

[இந்தப் பகுதியில் ரஃபியாவின் மனதுக்குள் போய் எழுதினேன். கூப்பிடாமல் போனது மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.]

5

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒரு பில் பிரிண்ட் எடுக்க ரஃபியா மண்டிக்கு வந்தாள். திரையில், இஷாக்கின் மெயில் குறுக்கே கோடு. கம்ப்யூட்டர் ரிப்பேர் பிரபுவை உடனே வரச்சொன்னாள். மெயிலில் கோளாறு என்று ரஃபியா போனில் சொன்னதைக் கேட்டு, பாய் தொழுகை முடிந்து வந்தார். கடுதாசிக்காகப் பின்னாலேயே நான்.

"பாய், இந்தக் கோடு உங்க கண்ணுக்கு மட்டும்தான். ஆம்பூருக்கெல்லாம் போகாது" என்றான் பிரபு.

"போகாதுன்னா எதுக்குய்யா போடுறான்? அடுத்தவனுக்குத் தெரியாத கோட்ட எந்தக் கிறுக்கன் உக்காந்து போடுவான்?"

பிரபு என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அத்தா, போன்ல கோடே இல்லத்தா. நீங்க சம்மதிச்சிட்டீங்கன்னு நான் அவருக்கு எழுதிட்டேன்" என்றாள் ரஃபியா.

"எழுதிட்டியா? இங்க ஒண்ணுமே வரலியே!"

"போன்ல இருந்து அனுப்புறது இதுல தெரியாது பாய். அதும் இதோட குறைதான்" என்றான் பிரபு.

"ஏலே, நீ செத்த நேரம் சும்மா இரு." பாய் என் பக்கம் திரும்பினார். "அப்பு, இதயும் கடுதாசில சேத்துக்க."

ரஃபியா குரல் இறங்கிவிட்டது. "அப்ப அவரு வேணாமாத்தா?"

"வேணாம்னா அழிச்சுத் தொலைச்சிருப்பேன். கோடுல்ல போட்டேன்."

"சரி, வேற என்ன சொல்லணும்?"

பாய் அடுக்கியிருந்த தோலைப் பார்த்தார். "ஆம்பூரு தூரம்."

"பஸ்ஸு போகுது."

"மண்டி மெயில யாரு பாப்பா?"

"அங்க இருந்தே பாப்பேன். எந்த ஜன்னல்ல பாத்தாலும் ஒரே சரக்குதான்."

"மெயிலு தெரியும்மா. நீ தெரிவியா?"

கதைக்கு இவ்வளவு பொருத்தமாக ஒருவர் பேசினால் எழுதுகிறவனுக்கே சந்தேகம் வரும். ஆனால் பேசினார், பிரபு சாட்சி.

அந்த நேரம் பார்த்து பாயின் போன் அடித்தது. அவர் மனைவி அஜீஸுன்னிசா, ஸ்பீக்கரில்: "ஞாயித்துக்கெழம வாரவுக பொண்ணு கேக்க வாராகளா, பேரம் பேச வாராகளா? அதுக்குத் தக்கன வெஞ்சனம் வைக்கணும்ல."

"ரெண்டுக்கும்தான்" என்றார் பாய்.

"அப்ப கறி கூட எடுக்கணும். பேசுறவுகளுக்குப் பசிக்கும்." போனை வைத்துவிட்டார்.

6

இனி முடிவு. சில மாதிரிகள் கைவசம் இருக்கின்றன.

பாய் 'காலி செய்' பட்டனைத் தட்டுகிறார். மெயில் குடோனை விட்டே போகிறது. ரஃபியா பேசாமல் வீட்டுக்கு நடக்கிறாள். இலக்கியம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறியை யார் தின்பது? அடித்தது.

பிரபு புதுப் புரோகிராம் போடுகிறான், எல்லாம் எல்லோருக்கும் தெரிகிறது. போடட்டுமா என்று நிஜமாகவே கேட்டான். "எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சுட்டா அப்புறம் வீட்டுல பேச என்னய்யா இருக்கு?" என்று பாய் மறுத்துவிட்டார்.

நடந்தது இது. ரஃபியா நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அது மண்டிக்கு வருகிற வியாபாரிகள் உட்காரும் இடம்.

"இஷாக்குக்கு வேலையில பாதி இந்தப் பக்கம்தான். வருஷத்துல கொஞ்ச மாசம் அங்க, மிச்சம் இங்க. அவருகிட்ட நான் பேசிக்கிறேன். இங்க எத்தன மாசம்னு நீங்க சொல்லுங்க."

பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தோல் வியாபாரத்தில் கடைசி விலை வாயால் சொல்லப்படுவதில்லை. துண்டை மேலே போட்டுக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துச் சொல்வது. பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். அந்தத் துண்டுக்குள் ரஃபியாவின் கை அதுவரை போனதில்லை.

"சொல்லு" என்றார்.

துண்டு அசைந்தது. பாய் தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடி அசைந்தது. "அநியாயம்த்தா!" என்றாள் ரஃபியா. "ஒனக்கு யாரு சொல்லித் தந்தா?" என்றார் பாய். "எம்புட்டு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். இன்னொரு அசைவு. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். துண்டை எடுத்தார் பாய். மவுசைப் பிடித்து, பிரபு காட்டிய இடத்தில் ஒரு தட்டு. கோடு மறைந்தது, மெயில் நின்றது.

"எத்தன மாசம் பாய்?" என்றேன்.

"அது வியாபாரம்ப்பா. வெளிய சொல்ல மாட்டோம்."

"கதைக்கு முடிவு வேணுமே."

"கடுதாசியும் வேணாம், முடிவும் வேணாம். ஞாயித்துக்கெழம சாப்புட வா."

"முழு பிளேட்டா?"

பாய் மறுபடி துண்டை விரித்தார். கையை உள்ளே விட்டேன். எனக்கு என்ன கிடைத்தது என்பதை நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் ரஃபியாவின் கணக்கு உங்களுக்கு வேண்டும், தெரியும். பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல? இந்தாருங்கள், துண்டு. கையை உள்ளே கொடுங்கள். ஆம்பூருக்கு எத்தனை, திண்டுக்கல்லுக்கு எத்தனை என்று விரலைப் பிடித்துச் சொல்லுங்கள். அநியாயமாகக் கேட்டால் தலையை ஆட்டுவேன்.