ஏழாம் குடிலின் கொடி

ரோஜா வளர்க்கும் ஏழாம் பசுமைக்குடிலின் வாசலில் ஓர் ஆணி உண்டு. செடிகளுக்கு மருந்து அடித்த நாளில் அதில் சிவப்புக் கொடி தொங்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஈ காக்கைகூட உள்ளே போகக் கூடாது. நேரம் முடிந்ததும் பச்சைக் கொடி. மாற்றும் உரிமை குடிலின் மேற்பார்வையாளருக்கு மட்டும்தான். நைவாஷா ஏரிக்கரையில் இருந்த அந்த ரோஜாப் பண்ணையில், ஏழாம் குடிலுக்கு மேற்பார்வையாளர் மொரா.

அவளை எல்லோரும் கெருபோ அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கெருபோ அவளுடைய மூத்த மகள். தொழிலாளர் குழுவுக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தபோது குடிலின் நாற்பது பெண்களும் அவளுக்கே கை தூக்கினார்கள். முதலில் தூக்கியவள் நெகேசா. "கெருபோ அம்மா இருந்தா நம்ம வயித்துல எவனும் அடிக்க முடியாது" என்று அன்று அவள் சத்தம் போட்டுச் சொன்னது, இப்போது நினைத்தாலும் மொராவுக்கு முகம் சுடுகிறது.

காதலர் தினத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அது நடந்தது. காலை ஆறு மணிக்கு மருந்து அடித்திருந்தார்கள். பதினொரு மணிக்கு மேலாளர் கமாண்டே வந்தார்.

"கெருபோ அம்மா, ஏரோப்ளேன் யாருக்காகவும் நிக்காது. பதினாலாம் தேதிக்கு அப்புறம் இந்த ரோஜாவ ஆடு கூட மோந்து பாக்காது."

"பாஸ், காலைலதானே அடிச்சிருக்காங்க."

"எனக்குத் தெரியாதா? இன்னிக்கு நல்ல காத்து. எல்லாம் காஞ்சிருக்கும்."

கொடியை மாற்று என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. மனிதர் கெட்டிக்காரர். ஆணியை ஒரு பார்வை பார்த்தார், அவளை ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார்.

மொரா பச்சைக் கொடியை மாட்டினாள். காய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெண்கள் கத்தரியோடு உள்ளே போனார்கள். அவள் மட்டும் போகவில்லை. வெட்டிய பூவை வைக்கும் வாளிகளில் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் மாலை வரை வெளியிலேயே நின்றாள். தண்ணீர் சரியாகத்தான் இருந்தது.

அன்று நெகேசாவின் கையுறையில் இரண்டு ஓட்டை. சாயங்காலத்துக்குள் கண் வீங்கிவிட்டது. மறுநாள் முழங்கை வரை தோல் உரிந்தது. பண்ணை மருத்துவமனையில் பத்து நாள் கட்டுப் போட்டார்கள். அங்கிருந்த நர்ஸ் நேர்மையானவள். தேதி, குடில் எண், காயம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டாள்.

மார்ச் மாதம் சான்றிதழைப் புதுப்பிக்க நைரோபியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிற பண்ணை என்று அந்தச் சான்றிதழ் சொல்லும். அது இருந்தால்தான் ஐரோப்பாவில் பெரிய கடைக்காரர்கள் பூவைத் தொடுவார்கள். அதில் வரும் கூடுதல் பணத்தில்தான் தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகமே நடக்கிறது. வந்தவள் தோட்டத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. நேரே மருத்துவமனைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள். "இந்த நெகேசாவோட நாளைக்குக் காலைல தனியாப் பேசணும்" என்றாள்.

அன்று வேலை முடிந்ததும் மொரா ஒரு பொட்டலம் சர்க்கரையும் இரண்டு பொட்டலம் சோள மாவும் வாங்கிக்கொண்டு, தொழிலாளர் குடியிருப்பான கராகிட்டாவில் இருந்த நெகேசாவின் ஒற்றை அறை வீட்டுக்குப் போனாள்.

"அடடா, கெருபோ அம்மாவா! சர்க்கரையெல்லாம் வருது. எனக்கு மாப்பிள்ளை பேசவா வந்தீங்க?" நெகேசா சிரித்தாள். பையின் முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை. விரல் நுனிகளில் புதுத் தோல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. மொராதான் அவிழ்த்துக் கொடுத்தாள்.

"நெகேசா, சான்றிதழ் போச்சுன்னா வாங்கறவன் போயிடுவான். எண்ணூறு பேரு... காப்பகத்த வேற மூடிடுவாங்க. உன் பையனும் அங்கதானே இருக்கான்..."

"சுத்தி வளைக்காதீங்க. நான் என்ன சொல்லணும்?"

மொரா "சிவப்புக் கொடிதான் தொங்குச்சு, நீதான்..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

நெகேசா அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். "வெறுமனே கொடியப் பாக்காமப் போனேன்னு சொன்னா அந்த ஆபீசரம்மா நம்பாது. கத்தரிய உள்ள மறந்து வெச்சிட்டேன், எடுக்க ஓடினேன்னு சொல்றேன். அப்படிச் சொன்னாத்தான் நெசம் மாதிரி இருக்கும்."

பொய்யைக்கூட அவளே நேர்த்தியாகத் தைத்துக் கொடுத்தாள். அந்த வீட்டுத் தேநீரை மொரா கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வேண்டாம் என்று எழுந்து வரக்கூட அவளுக்குத் தைரியமில்லை. அவ்வளவு கேவலமாக அவள் தன்னை உணர்ந்ததே இல்லை.

சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அதிகாரி ஒரு நிபந்தனை எழுதியிருந்தாள். கொடியை மீறிய தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் தர வேண்டும், அதில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். மொரா போட்டாள். நெகேசா கடிதத்தை வாங்கி நான்காக மடித்தாள்.

"நன்றி, மேடம்" என்றாள்.

அன்றிலிருந்து மேடம்தான். நெகேசா மட்டுமல்ல, மெல்ல மெல்ல நாற்பது பேரும் மேடம் என்றே கூப்பிட்டார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, ஜாடை பேசவில்லை. வந்திருந்தால் மொராவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் பண்ணை ஆடு வெட்டி விருந்து வைத்தது. சான்றிதழைப் பார்த்து ஒரு பெரிய கடைக்காரன் அன்னையர் தினத்துக்குப் போன வருஷத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பூ கேட்டிருக்கிறான் என்று கமாண்டே மேடையேறிச் சொன்னார். "நல்ல பேருதான் நல்ல வியாபாரம்! அத சம்பாதிச்சுக் குடுத்தது யாரு? நம்ம ஏழாம் குடில்!" என்று மொராவைக் கைகாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நெகேசாவும் தட்டினாள், உள்ளங்கை வலிக்காதபடி மெதுவாக. மறுவாரம் அலுவலகச் சுவரில் மொரா ரோஜாக்கட்டோடு சிரிக்கிற படம் ஏறியது. அதற்குப் பிறகு அவள் அலுவலகத்துக்குப் பின்வாசல் வழியாகத்தான் போனாள்.

பூ கூடக் கேட்டால் அவசரமும் கூடத்தானே செய்யும்? மே மாதம் முதல் வாரம், அதே மாதிரி காலை ஆறு மணிக்கு மருந்து அடித்தார்கள். பத்தரை மணிக்கே கமாண்டே வந்துவிட்டார். இந்தத் தடவை காற்றைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஆணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். போனார்.

மொராவின் கை பழகிப் போயிருந்தது. சிவப்பைக் கழற்றிப் பச்சையை மாட்டியது. "வாங்க, ஆரம்பிக்கலாம்" என்று குரல் கொடுத்தாள்.

பெண்கள் வாளியும் கத்தரியுமாக வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை.

"என்ன நிக்கிறீங்க? பச்சைதானே தொங்குது?"

முன்னால் நின்ற நெகேசா மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள். "தெரியுது மேடம். நீங்க முதல்ல போங்க. நாங்க பின்னாலயே வர்றோம்."

அதில் கிண்டல் இல்லை. மற்றவர்களும் ஒதுங்கினார்கள். வாசல் வரை வெறும் நடைபாதை. மொரா நடந்தாள். நாலு எட்டுதான். பிளாஸ்டிக் திரையை விலக்கினாள். உள்ளேயிருந்து மருந்தின் நெடி சூடாக முகத்தில் அடித்தது. இலைகள் இன்னும் ஈரமாக மின்னின.

அவள் கால் நின்றுவிட்டது.

போ, போ என்று மனம் அடித்துக்கொண்டது. கால் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றிருப்பாள், இரண்டு மூச்சு இருக்குமா? அது போதும். நாற்பது பேரும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் மாலை வரை வாளிக்குத் தண்ணீர் பார்த்தவள் எதைத் தெரிந்துகொண்டு வெளியே நின்றாள் என்பது இப்போது ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது.

மொரா திரையை விட்டாள். திரும்பி வந்து பச்சைக் கொடியைக் கழற்றினாள். சிவப்பை மாட்டினாள். சட்டைப்பையில் போன் அடித்தது. கமாண்டேதான். அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"சாயங்காலம் ஆறு மணிக்குப் போகலாம்" என்று பெண்களிடம் சொன்னாள்.

யாரும் பாராட்டவில்லை. பெண்கள் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வேகவைத்த சோளம் பயறு கொண்டுவந்திருந்தாள், டப்பா கை மாறிக் கை மாறிப் போனது. மொரா சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். அவளிடம் டப்பா வந்தபோது பாதி காலியாகியிருந்தது. நீட்டியது நெகேசா. விரல் நுனிகளில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை.

"எடுத்துக்குங்க, மேடம்" என்றாள்.