காலியாக விடக்கூடாத பத்தி

ஷோல்பான் மாமனாரின் கிண்ணத்தில் தேநீரை விளிம்பு தளும்ப ஊற்றினாள். சாப்பாட்டு மேஜையில் பேச்சு நின்றுவிட்டது.

எங்கள் தராஸ் ஊர்ப் பக்கத்தில் மருமகள் அரைக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும். குடித்துவிட்டு நீட்டுவார்கள், மறுபடி ஊற்றுவாள். அதுதான் மரியாதை. நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டு இடத்தைக் காலி செய் என்று பொருள். வீட்டுக்காரரையே கிளம்பச் சொன்ன மருமகளை மாமனார் மிர்சகான் தம் எழுபது வயதில் அன்றுதான் பார்த்தார்.

"கை தவறிடுச்சு மாமா," என்றாள் ஷோல்பான். கை தவறவில்லை என்பது தட்டில் இருந்த குதிரை இறைச்சிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை மிர்சகானின் எழுபதாம் பிறந்தநாள் விருந்து. குலத்தார் அத்தனை பேரும் வருகிறார்கள். மண்டபத்துப் பெரிய திரையில் ஏழு அப்பன்மார் வரிசையைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா, அப்பாவின் அப்பா என்று ஏழு தலைமுறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியாதவன் எங்களிடையே அநாதைக்குச் சமம். ஒரு கம்பெனிக்கு டேட்டாபேஸ் வேலை செய்யும் மருமகள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே ஆள் தேடுவானேன்?

"செஞ்சு தரேன் மாமா. நம்ம துமாரையும் கடைசில சேத்துடறேன்," என்றாள் ஷோல்பான். துமார் அவளுடைய ஆறு வயது மகள்.

"பொட்டப் புள்ளைய எதுக்கு? அது நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறது. குல வரிசையில விருந்தாளிக்கு இடம் கெடையாது."

அதற்குத்தான் அந்தத் தேநீர்.

கணவன் அஸ்கத் குனிந்து ரொட்டியை ஆராய்ந்தான். அவன் பல் டாக்டர். ஊரில் எல்லார் வாயையும் திறக்க வைப்பான், அப்பா எதிரில் தன் வாயைத் திறக்க மாட்டான்.

மறுநாள் ஷோல்பான் மடிக்கணினியை எடுத்து உட்கார்ந்தாள். மிர்சகான் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் எங்க இருக்கும்?"

"கிளவுட்ல மாமா. மேகம்னு சொல்லுவாங்க."

"நம்ம ஆளுங்க ஏற்கனவே மேலதான இருக்காங்க. அதுக்கு நீ வேற எதுக்கு?"

"அது சும்மா பேருக்கு மேகம். நெஜத்துல யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர வாடகைக்கு எடுக்கறோம். இது ஜெர்மனில இருக்கு."

கிழவர் எழுந்தே விட்டார். "ஜெர்மனியா! எங்கப்பா நாலு வருஷம் அவனுங்களோட சண்ட போட்டுட்டு வந்தாரு. அவரக் கொண்டுபோய் அங்கயே குடி வெக்கறியா?"

ஷோல்பான் வாதாடவில்லை. எங்கள் நாட்டு அல்மாத்தி நகரிலேயே ஓர் இடம் பிடித்தாள். கிழவருக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

பிறகு ஸ்கிரிப்ட் எழுதினாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. "இந்தப் பெயரில் ஓர் அட்டவணை உண்டாக்கு, அதில் இன்னின்ன பத்திகள் வை" என்று வரிவரியாகக் கட்டளை எழுதி ஒரே தடவையில் ஓட்டுவது. அந்தப் பக்கம் இருக்கும் இயந்திரம் ஏன், எதற்கு என்று கேட்காமல் செய்து முடிக்கும். அந்தக் குணத்தைத்தான் எங்கள் மாமியார்கள் மருமகள்களிடம் எதிர்பார்க்கிறார்கள். பெயர், பிறந்த ஆண்டு, தகப்பன், தாய் என்று பத்திகள் போட்டாள். தாய் என்ற பத்திக்கு எதிரே ஒரு நிபந்தனையும் சேர்த்தாள்: இது காலியாக இருக்கக் கூடாது.

அன்று மாலை அஸ்கத் அதைப் பார்த்துவிட்டான். "இது வேணாம் ஷோல்பான். அப்பா கத்துவாரு."

"மெஷின்கிட்ட கத்தட்டும்."

"அந்த வரிய எடுத்துடேன்."

"டேபிள் உருவாயிடுச்சுங்க. இனிமே எல்லாத்தையும் இடிச்சுட்டு மொதல்லேந்து கட்டணும்."

இது பொய். ஒரே வரியில் மாற்றிவிடலாம். பல் டாக்டருக்கு அது தெரியாது.

முதல் பெயரைத் தாமே ஏற்ற வேண்டும் என்று மிர்சகான் ஒற்றைக் காலில் நின்றார். தம்மையும் சேர்த்து எண்ணினால் ஏழாவது அப்பனான போஸ்தாயின் பெயரை ஒற்றை விரலால் தட்டினார். ஓநாய்க் கூட்டத்தைத் தனியாக விரட்டியவர், மூன்று மலைக்கணவாய்க்குச் சொந்தக்காரர். பொத்தானை அழுத்தியதும் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

"என்ன சொல்லுது?"

ஷோல்பான் சங்கடப்பட்டாள். மாமனாரின் பெயரையும், அவருக்கு மேலே உள்ளவர்கள் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. "அந்த... ஓநாய் வெரட்டினவருக்கு அம்மா இல்லயாம் மாமா."

"அம்மா இல்லாம எப்படிப் பொறப்பாரு?"

"அதத்தான் மெஷினும் கேக்குது."

கிழவர் முறைத்தார். "எதையாவது போடு. 'மருமக'ன்னு போடு. எல்லாரும் இந்த வீட்டுக்கு மருமகளா வந்தவங்கதான்."

சொன்னபடியே ஏழு பேருக்கும் போட்டுக் காட்டினாள் ஷோல்பான். ஒரே தாயின் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தும்படி அந்தப் பக்கத்தை அவள் அமைத்திருந்தாள். போஸ்தாயும் அவர் மகனும் பேரனும், மிர்சகானின் சொந்த அப்பாவும், கடைசியில் மிர்சகானும் தோளோடு தோள் சேர்ந்து அண்ணன் தம்பிகளாக நின்றார்கள்.

"அடக் கடவுளே! ஞாயித்துக்கெழம குலத்துக்கு முன்னாடி இதக் காட்டினா நான் தல நிமிந்து நடக்க முடியுமா? எடு! மொதல்ல இத எடு!"

அதன் பிறகு போன் அழைப்புகள் பறந்தன. ஷிம்கெந்தில் இருந்த சித்தப்பாவைக் கேட்டார். அவர் போஸ்தாயின் குதிரைகளின் பெயர்களைச் சொன்னார். நிறத்தையும் சொன்னார். தாய் பெயர் தெரியவில்லை. அல்மாத்தியில் இருந்த பேராசிரியர், "அது நம்ம மரபுல குறிக்கறதில்ல" என்றார். தெரியாது என்பதைப் படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. "உங்க சொந்த அம்மா பேராச்சும் போடுங்க மாமா, ஒரு வரிசை முடியட்டும்" என்று ஷோல்பான் சொன்னபோது மிர்சகான் வாயைத் திறந்து மூடினார். எட்டு வயதில் தாயை இழந்தவர். அம்மா என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பா அவளை "ஏய்" என்று கூப்பிட்டது ஞாபகம் இருந்தது. அந்த வீட்டில் அவளை அதற்கு மேல் யாரும் கூப்பிட்டதில்லை.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது.

அடுப்படி வாசலில் பாத்திரம் துடைத்துக்கொண்டே நின்ற அவர் மனைவி குல்பாஷ் மெல்லச் சொன்னாள்: "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏழு பேரு பேரும் தெரியும்."

"ஒனக்கெப்படி?"

"கல்யாணமாகி வந்த மொத நாளே உங்க பெரியம்மா தனியாக் கூப்பிட்டு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தாங்க. இந்தப் பேரெல்லாம் வாயில வரக்கூடாதுன்னு. எதச் சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தான சொல்லாம இருக்க முடியும்?" மருமகள் பக்கம் திரும்பினாள். "ஒனக்கும் சொல்லிக் குடுத்திருக்கணும். டவுன் பொண்ணு, இதெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அப்ப சொல்லித் தொலையேன்!" என்றார் மிர்சகான்.

"சொல்லக் கூடாதே."

"நான் சொல்றேன், சொல்லு."

"தடை போட்டவங்க செத்துட்டாங்க. நீங்க யாரு எடுக்கறதுக்கு?"

நாற்பத்தைந்து வருடம் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டு வந்தவள், அந்தக் கட்டுப்பாட்டையே கையில் எடுத்துக்கொண்டு நிற்பதை மிர்சகான் எதிர்பார்க்கவில்லை. ஷோல்பான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "அத்த, நாக்குக்குத்தான தடை? விரலுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலயே."

குல்பாஷ் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். எந்தப் பெயர் ஏறும்போதும் சிவப்பு வரி வரவில்லை. மிர்சகான் எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்.

"உல்போல்சின்... உல்மெகென்... உல்துவார்..." நிறுத்தினார். இன்னும் இரண்டு பெயர்களும் 'உல்' என்றே தொடங்கின. எங்கள் மொழியில் 'உல்' என்றால் ஆண்பிள்ளை. ஆண்பிள்ளை பிறக்கட்டும், இது ஆண்பிள்ளையா, ஆண்பிள்ளையைப் பெறு. அந்தப் பெயர்களின் அர்த்தம் அதுதான்.

"அஞ்சு பேரு பேருலயும் ஆம்பளப் புள்ளதானே இருக்கு," என்றார், யாரையும் பார்க்காமல். "இதுல எங்கம்மா எது?"

குல்பாஷ் உல்போல்சின் மேல் விரலை வைத்தாள். "அவங்க பேருகூட அவங்களுக்கு வெச்சதில்லீங்க. பின்னாடி பொறக்கப் போற தம்பிக்கு வெச்சது."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டவணையின் மேல்பக்கம் போனார். போஸ்தாய்க்கும் முன்னால், முதல் வரிசையில், யாரோ இருந்தார்கள்.

"இது யாரு?"

"டேபிள் சரியா வருதான்னு பாக்க மொதல்ல ஒரு ஆளப் போட்டுப் பாப்போம் மாமா," என்றாள் ஷோல்பான். "அப்பா பேரும் அம்மா பேரும் நான் கூச்சமில்லாம எழுதக்கூடிய ஆள் இந்த வீட்டுல அவ ஒருத்திதான்."

"வேணாம்னு சொன்னேனே."

"அழிக்கறதா இருந்தா நீங்களே அழிச்சிடுங்க. அந்த வரிசையில வெச்சு அந்தப் பொத்தான அழுத்தணும்."

அவர் அம்புக்குறியை அந்த வரிசையில் கொண்டுபோய் வைத்தார். சரியான வரிசைதானா என்று பார்த்துக்கொள்வதற்காக வாய்விட்டுப் படித்தார்.

"துமார்."

"வந்துட்டேன் தாத்தா!" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. காலில் ஒற்றைக் காலுறையோடு ஓடி வந்து அவர் முழங்காலில் மோதி நின்றாள் துமார். "எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அந்த அட்டவணையில் அன்று மாலைவரை ஏறியிருந்த பெண்களில் பெயர் சொன்னதும் ஓடி வந்தவள் அவள் ஒருத்திதான். மிர்சகான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா... கூப்பிட்டுப் பாத்தேன்."