பாண்டி பெயருக்குப் போன வாழ்த்து

காளிராஜுக்குத் தன் மூளை மேல் எப்போதுமே கொஞ்சம் கர்வம் உண்டு. சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டருக்கு டிசைன் போடுகிறவன், 2008 தீபாவளிக்குச் செல்போனில் ஓடும் ஒரு சின்ன ஜாவா புரோகிராம் எழுதினான். போனிலுள்ள பெயர்களையும் எண்களையும் அதுவே படித்து, ஆளுக்கு ஆள் பெயர் போட்டு வாழ்த்து அனுப்பிவிடும். பெயர்களைப் படிக்கலாமா என்று போன் மரியாதையாகக் கேட்டது. சரி என்று அமுக்கினான். மெசேஜ் அனுப்பலாமா என்றது. அதற்கும் சரி. யாருக்கு அனுப்பலாம், யாருக்குக் கூடாது என்று மட்டும் அது கேட்கவில்லை. கேட்கும்படி இந்த மேதை எழுதியிருந்தால்தானே.

திரையில் பாண்டியின் பெயர் ஓடியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

பாண்டி அவனுடைய கூட்டாளி. சித்திரையில் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும்போது வெடித்துச் செத்துப்போனான். அவன் போன் இப்போது மனைவி மாரித்தாயிடம் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் தீபாவளி கிடையாது. வாழ்த்துச் சொல்வதும் தப்பு. அந்த எண்ணுக்குப் போய் "அன்புள்ள பாண்டி, தீபாவளி வாழ்த்துகள்". பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவன் வேறு. இனிமேல் முகத்தில் முழிக்க விடுவார்களா என்ற பயத்தோடு மாரித்தாய் இருக்கும் ஆனைக்குட்டத்துக்கு வண்டியை எடுத்தான்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள் மாரித்தாய். முகத்தில் கோபமே இல்லை.

உட்காரக்கூட இல்லை அவன். "மன்னிச்சிரு தங்கச்சி. அது நான் அனுப்புனதில்ல. ஒரு புரோகிராம் போட்டேன், அதுவா எல்லா நம்பரையும் எடுத்து அனுப்பிருச்சு. பேரையும் அதுதான் போட்டுச்சு."

அந்த வாயைக் கொஞ்ச நேரம் மூடி வைத்திருக்கலாம்.

மாரித்தாய் அவனையே பார்த்தாள். "அவுக போனதுலருந்து அவுக பேரை ஒருத்தரும் வாயில எடுக்குறதில்லண்ணே. நான் அளுவேன்னு பயப்படுறாக. இன்னிக்குத்தான் பிள்ள சினேகா படிச்சுக் காமிச்சா, அன்புள்ள பாண்டின்னு. அண்ணனுக்காவது நெனப்பு இருக்கேன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தோம்."

நினைப்பு இல்லாமலா என்று சொல்ல வந்தான். நினைப்பு இருந்தவன் ஆறு மாதமாக எங்கே போனான்? சொன்னதை அப்படியே விழுங்கிவிட முடியாதா என்று இருந்தது.

"போனுதான் அனுப்புச்சாண்ணே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"சரிண்ணே. இருங்க, காப்பி போடுறேன்" என்று உள்ளே போனாள். அங்கே மகளிடம் மெதுவாகச் சொல்வது அவனுக்குக் கேட்டது.

"மாமா அனுப்பலயாம் தாயி."