பின்னால் எடுக்கத் தெரியாத போதகர்

கதவைத் திறந்தேன். போதகரும் ஒரு நர்ஸும் நேராக உள்ளே வந்தார்கள். தெருமுனைச் சபை நடத்தும் கண் முகாமுக்கு ஆள் கூட்டிப்போக வந்தவர்கள். மேல்மாடித் தையல்காரரைத் தேடி வந்து ஒரு மாடி குறைவாக ஏறிவிட்டார்கள். சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் வழக்கம் வேறு. முதலில் ஜெபம், பேச்சு அப்புறம்.

ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போதகர் அவர் தலைமேல் கை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்த மகன் இருட்டிலே இருந்தது போதும். வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்."

"ஆமென்" என்றேன். அதன்பிறகு எப்படித் திருத்துவது?

என் கணவர் பேருந்து ஓட்டுநர். போன வருடம் பெரிய சாலையில் பிரேக் பிடிக்காமல் வண்டி கவிழ்ந்தது. ஒரு பெண்ணுக்குக் கால் போனது. விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்றார்கள். வேலைக்கும் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. பிறகு வாசலுக்கே போகவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், என் அண்ணனை வரவழைத்தேன். அசையவில்லை.

நர்ஸ் குனிந்து கேட்டார். "வெளிச்சத்துல கண்ணு கூசுதாண்ணே?"

"ஆமா."

பொய் இல்லை.

நர்ஸ் அவர் வலது புருவத்துக்கு மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினார். அறுவை செய்யவேண்டிய கண்ணுக்கு அடையாளம். ஆளுக்கொரு கையைப் பிடித்து எழுப்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தேன்.

இறங்கினார். "இன்னொரு படி, பார்த்து" என்று நர்ஸ் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். கீழே காலை வெயில். அவர் வெயிலில் நின்றார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்திருந்தேன்.

வேன் நிறையக் கண்புரைக்காரர்கள். தெருமுனையில் பழக்கடை வைத்திருக்கும் அத்தை நகர்ந்து இடம் கொடுத்தார். போதகரே ஓட்டினார். ஓட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொரு கியருக்கும் வேன் முனகியது.

"கிளட்சை முழுசா அமுக்குங்க" என்று முணுமுணுத்தார் என் கணவர்.

"கண்ணு தெரியாதவருக்குத் தெரியுது, இவருக்குத் தெரியலையே" என்றார் அத்தை.

சந்துக்குள் போய்க்கொண்டிருக்கும்போது நர்ஸ் கேட்டார். "தையல்காரரே, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"நான் தையல்காரர் இல்லம்மா. டிரைவர்."

வேன் குலுங்கி நின்றது. போதகர் திரும்பினார்.

"அப்ப உங்க கண்ணு?"

"நல்லாத்தான் இருக்கு."

"பின்ன எதுக்குங்க வந்தீங்க?"

"கூப்பிட்டீங்க. வந்தேன்."

தையல்காரர் வீட்டில் காத்துக்கொண்டிருப்பார். பத்து மணிக்கு மருத்துவமனையில் பதிவை மூடிவிடுவார்கள். அடுத்த முகாம் எப்போதோ. சந்தில் வேனைத் திருப்ப இடமில்லை.

"எனக்கு ரிவர்ஸ் வராது" என்றார் போதகர். "ஊரைச் சுத்தியாவது முன்னாலயே போயிடுவேன்."

"நீங்க சுத்தி முடிக்கிறதுக்குள்ள எங்களுக்கு மத்தக் கண்ணும் போயிடும்" என்றார் அத்தை.

அங்கே பலருக்கு என் கணவர் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. வேர்த்துக் கொட்டியது.

சட்டென்று இறங்கினார். வீட்டுக்கு நடந்துவிடுவார் என்று நினைத்தேன். வேனைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார்.

"தள்ளி உட்காருங்க" என்றார் போதகரிடம்.

வேன் பின்னால் நகர்ந்தது. இருபுறமும் சுவர், உள்ளங்கை அகல இடைவெளி. புருவத்தில் பிளாஸ்திரியோடு அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். ஒரு உரசல் இல்லை. "விடு மாப்ளே, விடு" என்று அத்தை சீட்டைத் தட்டினார். பின்சீட்டில் யாரோ கைதட்டினார்கள். சந்து முடிந்தபோது நான் மூச்சு விட்டேன்.

எங்கள் வீட்டு வாசலில் வேன் நின்றதும் மேல்மாடிக்கு ஓடினேன். தையல்காரர் புதுச் சட்டையில் இருந்தார்.

"எவ்வளவு நேரம்மா? ஒரு தூக்கமே போட்டு எழுந்துட்டேன்."

அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பெரிய சாலை முனையில் வேன் நின்றது. லாரிகள் விரைந்தன. பின்னால் ஹாரன் அடித்தார்கள். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையையே பார்த்தார். இங்கே இறங்கிவிட்டால் இனி எந்த வண்டியிலும் ஏறமாட்டார்.

"ஜெபம் பண்ணட்டுமா?" என்றார் போதகர்.

"பண்ணுங்க. நீங்க கண்ணை மூடிக்குங்க, நான் மூடல."

வேனே சிரித்தது. அவர் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். விட்டார். மறுபடி மிதித்தார். பிடித்தது. ஒரு லாரி கடந்ததும் சாலைக்குள் எடுத்தார்.

இரண்டாம் கியர். மூன்றாம் கியர். முனகலே இல்லை. ஜன்னல் காற்று முகத்தில் அறைந்தது. பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு.

"இங்கதான்" என்றார்.

அந்த ஒரு வருடத்தில் அவர் வாயால் விபத்தைப் பற்றிச் சொன்னது அப்போதுதான். வேகம் குறையவில்லை. நான் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டேன். தோள் சூடாக இருந்தது.

பதிவு மூடுவதற்குள் சேர்ந்துவிட்டோம். நர்ஸ் எல்லோரையும் கைகோக்க வைத்து உள்ளே கூட்டிப்போனார். அத்தை கூட்டத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார். "கண்ணு தெரிஞ்சதும் முதல்ல அந்த டிரைவரைத்தான் பார்க்கணும்."

போதகர் சாவிக்குக் கை நீட்டினார். என் கணவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இவங்களை எப்பத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும்?"

"நாளைக்குக் காலையில."

"நான் வர்றேன். நீங்க பக்கத்துல உட்காருங்க."

போதகர் நீட்டிய கையை மடக்கவில்லை. அப்படியே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வா" என்றார் என் கணவர் என்னிடம். "வண்டியை நிழல்ல விடலாம்."