தலையைத் தாங்கும் நார்கள்

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த இரண்டாம் ஆண்டு. லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் மரவள்ளி நடுவதற்காக ரப்பர் பால்மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த மரத்தின் கிளை வீரமுத்துவின் உச்சந்தலையில் இறங்கியது. எழுந்து உட்கார்ந்தவன், தலை கழன்றுவிடும்போல் அதை இரு கையாலும் தாங்கிக்கொண்டான். விரல்களில் எறும்பு ஊர்வதாகச் சொன்னான்.

வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போன பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்தவர், டாக்டருக்கு உதவியாளாக இருந்த டிரெஸர் அந்தோணிதாஸ் மட்டும்தான். அவர் வீரமுத்துவைப் பலகையில் கிடத்தித் தூக்கிவரச் செய்து, காதுகளுக்கு இருபுறமும் மணல் நிரப்பிய கோணிப்பைகளை அண்டக்கொடுத்தார்.

கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமி, சுளுக்கு எடுப்பதில் பேர்போனவர், வந்தார். "ஒரு இழுப்பு இழுத்தா சரியாப் போயிரும்லா."

வீரமுத்துவின் மனைவி பஞ்சாலை அவரை ஆவலோடு பார்த்தாள்.

"கை காலுன்னா எடுங்க, இது வேற," என்ற அந்தோணிதாஸ் அவள் பக்கம் திரும்பினார். "மண்டைக்குக் கீழ முத எலும்பு மோதிரம் மாதிரிம்மா. ரெண்டாவது எலும்போட முளை அதுக்குள்ள நிக்குது. அதுக்குப் பின்னாலயே தண்டுநரம்பு. முளையைப் பிடிச்சிருக்கறது நாருதான். குறுக்க ஒண்ணு, மண்டைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. அது அறுந்திருந்தா, இழுத்த இழுப்புல மூச்சு நின்னுடும்."

"அறுந்திருக்காங்கய்யா?"

"தெரியல. படம் புடிச்சுப் பாக்க மிஷின் இல்ல. அறுந்ததாவே வச்சுக்கணும்."

பஞ்சாலை பலகையின் தலைமாட்டில் போய் நின்றாள். பிறகு, "வேணாம்ணே," என்றாள் மண்டோரிடம். அவர் முகம் சுருங்கி வெளியேறினார்.

தினமும் மூன்று பேர் சேர்ந்து வீரமுத்துவைக் கட்டைபோல் ஒரே சீராகப் புரட்டுவார்கள். தலையைப் பிடிப்பது பஞ்சாலையின் வேலை. நான்காம் வாரம் விரல்களில் எறும்பு ஊர்வது நின்றது. வேலைக்கு வராதவனுக்கு அரிசி இல்லை என்று தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது, வீரமுத்து மணல்பைகளைத் தள்ளப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல புள்ள, விடு."

அவள் அவன் கன்னங்களை அழுத்திப் பிடித்தாள். "என் பங்கு அரிசி இருக்கு. படு." அவன் அழுதான்.

அன்று அவள் அந்தோணிதாஸிடம் கேட்டாள்: "நெசமாவே அறுந்திருக்குமாய்யா?"

"நான் வீணாப் பயந்திருக்கவும் கூடும்மா."

அவர் பொய் சொல்லாதது அவளுக்குத் தெம்பாக இருந்தது.

ஒன்பதாம் வாரம், கழுத்தில் அட்டையும் துணியும் சுற்றி அவனை உட்கார வைத்தார்கள். நெடுநேரம் தலைசுற்றியது. பத்து நாள் கழித்து லயத்து வீட்டுக்கு நடந்தே போனான். கழுத்து திரும்பவில்லை, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பிப் பார்த்தான்.

"அன்னிக்கே என்கிட்ட விட்டிருந்தா நல்லாத் திரும்பியிருக்கும்," என்றார் நல்லசாமி.

"இருக்கட்டும்ணே," என்று சொல்லிவிட்டு, பஞ்சாலை கணவனின் நடைக்கு ஈடாக மெதுவாக நடந்தாள்.