பாவாடை கட்டிய பையன்கள்

அண்ணனின் அந்தப் போட்டோவை வகுப்பில் காட்டிவிட்டேன். வேறு யார் மூலமாவது தெரிந்து அவன் குதிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எந்தப் போட்டோ என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுவதற்கு முந்தின நாள் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய் எடுத்தது. ஜடை பின்னி, பூ வைத்து, பட்டுப்பாவாடை கட்டி, கண்ணில் மை வழிய நிற்பானே, அதுதான்.

வேறு வழியில்லை, அம்மா. வருடத்தில் பாதிப் பாடங்களிலாவது தேறவில்லையென்றால் இங்கே நெதர்லாந்தில் விசாவை நிறுத்திவிடுவார்கள். பழைய கையெழுத்து வாசிக்கும் பாடத்தில் நான் விழுந்தது உங்களுக்குத் தெரியும். மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். ஓவியங்களைப் பார்த்து, அந்தக் காலத்து உடைகளின் வரலாற்றைச் சொல்லும் பாடம். இதிலும் விழுந்தால் நேராக லெய்டனிலிருந்து நம் வீட்டு வாசல்.

ஆசிரியை பெயர் ஹாதெவிக். எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் இன்றுவரை தொண்டைக்குள் ஒரு ‘மேடம்’ வந்துவிட்டுப் போகும். அவருடைய சட்டம் ஒன்றுதான்: முதலில் வரை, பிறகு பேசு. ஓவியத்தின் முன் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பென்சிலால் வரைய வேண்டும். வரைந்து முடிக்கும்வரை போனைத் தொடக்கூடாது. முதல் நாளே சொன்னார், தெரிந்ததை வரையாதீர்கள், தெரிகிறதை வரையுங்கள் என்று. நான் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன். அதோடு சரி.

முந்நூறு நானூறு வருடத்துக்கு முன்பு இந்த ஊரில் ஆண் குழந்தைகளுக்கும் பாவாடைதான். ஆறேழு வயதில்தான் கால்சட்டை. இதை ஹாதெவிக் சொன்ன வாரத்திலிருந்து எங்கள் வகுப்புக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், எந்தச் சிறுமியைப் பார்த்தாலும், “இது பையன்தான்” என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. பெயர்ப்பலகையில் ‘சிறுமி’ என்று எழுதியிருந்தால் இன்னும் உற்சாகம். அந்தக் கூட்டத்திலேயே பெரிய பைத்தியம் நான். மற்றவர்கள் எல்லாம் புத்தகத்தில் படித்தவர்கள். என் வீட்டில் அப்படி ஒருவன் மீசையோடு நடமாடுகிறானே.

தேர்வை இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும். எனக்கு யெல்மர் வாய்த்தான். வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துப் பையன், ஆறரை அடி உயரம், பெயிண்ட் அடிப்பவர் மகன். மதியம் ரொட்டியில் வெண்ணெய் தடவி மேலே சாக்லேட் தூவித் தின்பான். சின்னக் குழந்தை தின்பதை இத்தனை பெரிய உடம்பு தின்கிறதே என்று கேலி செய்தால், “உங்க ஊர்ல காலைல உப்புமா தின்றவங்க என்னைப் பேசக்கூடாது” என்பான். ஒரு முறை செய்துகொடுத்தேன். மறக்க மாட்டேன் என்கிறான்.

எங்களுக்கு விழுந்த ஓவியம், கால்வாய் ஓரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் இருந்தது. மூன்று நான்கு வயதுக் குழந்தை. மஞ்சள் பாவாடை, நெஞ்சை மறைக்கும் வெள்ளை முன்துணி, முடியை மறைக்கும் தொப்பி. வலது கையில் சின்னச் சாட்டை. இடது கை இடுப்பருகே மூடியிருந்தது. பெயர்ப்பலகையில், ‘பெயர் தெரியாத சிறுமி’. சாட்டையைப் பார்த்ததுமே எனக்கு முடிவாகிவிட்டது. சாட்டை, வில், மரக்குதிரை எல்லாம் பையன்களின் சாமான்.

இருவரும் வரைந்தோம். என் படம் அழகாக வந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன். இடுப்பிலிருந்து சங்கிலி இறங்கி அந்த மூடிய கைக்குள் போனது. குழந்தைகளுக்குச் சங்கிலியில் கிலுகிலுப்பை கட்டுவார்கள் என்று தெரியும். அதனால் கைக்குக் கீழே கிலுகிலுப்பையை வரைந்து, மணிகளையும் போட்டேன். யெல்மரின் தாளை எட்டிப் பார்த்தால், கைக்குக் கீழே உருண்டையாக ஏதோ ஒன்று, ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக.

“என்னடா இது, பணியாரத்துல எறும்பு மொய்க்குது?” என்றேன். பணியாரமும் அவனுக்குச் செய்துகொடுத்திருக்கிறேன். அவர்கள் ஊரிலும் அதே மாதிரிக் குழிக்கல்லில் ஊற்றுவார்கள், சர்க்கரை தூவி.

“எனக்கு அப்படித்தான் தெரியுது. என்னன்னு தெரியல” என்றான்.

அவனுக்கு மனதில் அது சிறுமி என்றுதான் இருந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, பலகையில் போட்டிருக்கிறதே என்றான். நான் அண்ணனின் போட்டோவை எடுத்து நீட்டினேன். இது யார் தெரியுமா, இப்போது பைக்கில் போகிறவன், தாடி வைத்திருக்கிறான் என்றேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தேறாவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அடுத்த வருடம் எழுதிக்கொள்வான், விசா என்னுடையது, அதனால் முடிவும் என்னுடையது என்று சொல்லிவிட்டான்.

“நிச்சயமா பையன்தானா, வசு?”

“எங்கண்ணன் மேல சத்தியமா.”

மன்னித்துவிடு அண்ணா, அவசரத்தில் வந்துவிட்டது.

தேர்வு அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. எங்கள் காலடி ஓசை தவிர வேறு சத்தமில்லை. யெல்மர் முதலில் பேசினான். நம்பாத ஒன்றை எனக்காக அவ்வளவு நன்றாகப் பேசினான்: சாட்டை, அதன் பொருள், மற்ற ஓவியங்களில் சாட்டை பிடித்த பையன்கள். பிறகு நான் போனில் அண்ணனைக் காட்டினேன். உடையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதோ என் வீட்டுச் சாட்சி என்று கொஞ்சம் நாடகமாகவே சொன்னேன்.

ஹாதெவிக் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தார்.

“கையில பூ வச்சிருக்கானே, அது யார் குடுத்தது?”

பிளாஸ்டிக் ரோஜா. ஸ்டூடியோக்காரர் கொடுத்தது என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய், அம்மா.

“ஸ்டூடியோல குடுத்தாங்க” என்றேன்.

“சரி. அந்தக் கைய விடு. இன்னொரு கை என்ன பண்ணுது?”

நான் அதைப் பார்த்ததே இல்லை. வீட்டு அலமாரியில் இத்தனை வருடம் நிற்கிற போட்டோ. இடது கை பாவாடையின் இடுப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பாவாடை இல்லையா, பெரியது. அவிழ்ந்து விழாமலிருக்க, அழுதுகொண்டே பிடித்திருக்கிறான்.

“அவனோட பாவாடை இல்ல அது” என்றேன். “நழுவுது. அதான் பிடிச்சிருக்கான்.”

ஹாதெவிக் போனைத் திருப்பிக் கொடுத்தார்.  ஓவியத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நானும் ஓவியத்தைப் பார்த்தேன். ரோஜா ஸ்டூடியோக்காரர் கொடுத்தது என்றால், சாட்டையை யார் கொடுத்தது? அந்தக் குழந்தை அதை இரண்டு விரலில், விழுந்தால் விழட்டும் என்பதுபோலத்தான் பிடித்திருந்தது. ஓவியர் அறையில் கிடந்ததாக இருக்கலாம். ஆனால் இடது கை இறுக்கி மூடியிருந்தது. அது தன்னுடைய பொருளைப் பிடிக்கிற பிடி. மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனேன். விரல்களுக்குக் கீழே சிவப்பாக உருண்டையாக ஒரு ஓரம் தெரிந்தது. மணி இல்லை. ஓரமெல்லாம் மினுங்கும் புள்ளிகள்.

எறும்புகள்.

“யெல்மர், உன் படத்த எடு” என்றேன். 

குண்டூசித் தலைகள், அம்மா. அது ஊசி குத்திவைக்கும் குட்டித் தலையணை. அந்தக் காலத்துப் பெண்கள் இடுப்புச் சங்கிலியில் கத்தி உறையோடு அதையும் தொங்கவிடுவார்கள். அம்மாவைப் போலவே மகளுக்கும் குட்டியாக ஒன்று. பையனுக்குக் கட்டமாட்டார்கள்.

இப்போது வாயை மூடிக்கொண்டால் பையன் என்றே முடிந்துவிடும். பாதி மதிப்பெண்ணாவது வரலாம். யெல்மர் அத்தனை நேரம் எனக்காகப் பேசியிருக்கிறான். அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தாளைப் பிடித்துக்கொண்டு, சொல்லு என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

“இது சிறுமிதான்” என்றேன். “நாங்க இவ்வளவு நேரம் சொன்னது தப்பு. இவன் சரியா வரைஞ்சான். நான்தான் பாக்கல. எங்கண்ணனையே பாத்துட்டு இருந்தேன்.”

வெளியே படியில் காத்திருந்தோம். அழுகை வந்தது. யெல்மர் பையிலிருந்து அவன் அம்மா அனுப்பிய சர்க்கரை ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தான். எறும்பு இல்லை, பார்த்துவிட்டுத்தான் தருகிறேன் என்றான்.

ஆறு. பத்துக்கு ஆறு. அம்மா, முகத்தைச் சுளிக்காதே, இங்கே ஆறு என்றால் தேர்ச்சி. பத்தெல்லாம் கடவுளுக்குத்தான் என்கிறார்கள். யெல்மர் லாட்டரி விழுந்ததுபோலக் குதித்தான். என்னை இழுத்துக்கொண்டு போய் உருளைக்கிழங்கு வறுவலும் மயோனைஸும் வாங்கித் தந்தான். ஹாதெவிக்கிடம், தப்பாகத் தொடங்கியதற்கு எத்தனை போனது என்று கேட்டேன். தொடங்கியதற்குப் போனது நிறைய, திரும்பியதற்குக் கிடைத்ததும் நிறைய, கூட்டிக் கழித்தால் ஆறு என்றார். இன்னொரு வருடம் நான் இங்கே இருக்கலாம்.

அண்ணா, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த வருட வகுப்பில் அந்தப் போட்டோவைக் காட்டலாமா என்று ஹாதெவிக் கேட்கிறார். நீ சரி என்றால்தான் அனுப்புவேன். உனக்குப் பெண் பார்க்கிற நேரம் என்று விளக்கமாகவே சொன்னேன். முகத்தை மறைத்துக் கொடுத்தால் போதுமா என்றும் கேட்டேன்.

“முகமே வேணாம்” என்றார். “அந்த இடது கை இருந்தாப் போதும்.”